பெருமையே தூண்டில்

எட்கர் அலன் போ 1846இல் எழுதிய ‘அமொன்டிலாடோ பீப்பாய்’ கதையில், “இருமுகிறீர்களே, திரும்பிவிடுவோம்” என்று அக்கறை காட்டுகிறான் மொன்ட்ரசோர். கூடவே, மதுவின் தரம் பார்க்க வேறொருவர் இருப்பதாகவும் சொல்லிவைக்கிறான். அது போதும்; போர்ச்சுனாட்டோ தானாகவே நிலவறைக்குள் நடந்து, சுவருக்குள் சமாதியாகிறான்.

பிளனரி ஓ’கொனரின் ‘நல்ல நாட்டுப்புறத்தார்’ (1955) கதையில், பைபிள் விற்க வரும் பொயின்டர் அப்பாவியாக நடிக்கிறான். தத்துவத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஹல்கா, தானே அவனை ஆட்டுவிப்பதாக எண்ணித் தன் மரக்காலையே பறிகொடுக்கிறாள்.

பொயின்டரே அதிகம் அஞ்சத்தக்கவன் என்பேன். மொன்ட்ரசோருக்குப் பழிவாங்கும் எண்ணமாவது உண்டு. பொயின்டருக்கோ ஹல்காவோடு எந்தப் பகையுமில்லை. ஆயினும் இருவரும் பிடித்திழுத்த கயிறு ஒன்றே: எதிரிலிருப்பவரின் பெருமை. “என்னை யார் ஏமாற்றுவது?” என்ற நினைப்பு வந்தால், எந்தப் பட்டமும் நமக்குக் காவலாகாது.