‘போர்வை’க்குள் அகப்பட்ட ஒரு தொழில்

“ஆயுர்வேத மசாஜ் நிலையம் என்ற போர்வையில் இயங்கி வந்த விபசார விடுதி முற்றுகை, பெண்கள் நால்வர் கைது.”

இலங்கையில் எந்த மொழிப் பத்திரிகையைப் படிப்பவருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும். நால்வர் ஐவராகலாம். தெஹிவளை மஹரகமவாகலாம். போர்வை மட்டும் மாறுவதில்லை. அதனைத் தொடர்ந்து கைதானவர்களின் வயதும் சொந்த ஊரும் தவறாது வரும். முகாமையாளர் என்று ஒருவர் வருவார். கட்டடத்தின் சொந்தக்காரர் பெரும்பாலும் வரமாட்டார்.

இத்தகைய செய்திகள் எத்தனையோ என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. கைதான பெண் அத்தொழிலைக் கற்றவரா, எங்கே கற்றார், எவ்வளவு காலம் கற்றார் என்ற விபரம் அவற்றுள் ஒன்றிலேனும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. பொலிஸார் அதைக் கேட்பதில்லை. ஆதலால் நிருபருக்கும் அது கிடைப்பதில்லை.

பிறர் உடம்பைத் தொட்டுப் பிழைக்கும் ஒரு பெண்ணிடம் இந்த நாடு கேட்கும் கேள்வி ஒன்றே: நீ ஒழுக்கமானவளா? உனக்குத் தொழில் தெரியுமா என்று அரசாங்கமும் கேட்பதில்லை, வாடிக்கையாளரும் கேட்பதில்லை, வேலைக்கு அமர்த்துபவர் கேட்பதே இல்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தொடங்காதவரை முதலாவது கேள்வி வெறும் அவமதிப்பாகவே எஞ்சும் என்பதே என் வாதம்.

எண்ணெய் தடவிப் பிசைந்து விடுவதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டியிருக்கிறது என்று நண்பரொருவர் கேட்டார். படித்தவர்தாம். அவருக்குச் சொன்ன உதாரணத்தையே இங்கும் தருகிறேன்.

ஜேர்மனியிலிருந்து ஒரு பயணி கட்டுநாயக்கவில் வந்து இறங்குகிறார். ஏறத்தாழப் பத்து மணித்தியாலம் விமான இருக்கையில் காலை மடக்கி அமர்ந்திருந்தவர். மறுநாள் பெந்தோட்டையில் மசாஜ் மேசையில் படுத்துக்கொண்டு, “ஒரு கால் மட்டும் கனக்கிறது, அதைச் சற்று நன்றாகப் பிடித்துவிடுங்கள்” என்கிறார். அந்த ஆடுதசை மற்றதைவிட வீங்கியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது. பயிலாதவள் இதனைக் களைப்பு என்று எண்ணி இன்னும் பலமாகப் பிசைவாள். பயின்றவள் கையை எடுத்துவிட்டு வைத்தியரை அழைப்பாள். நீண்ட நேரம் அசையாதிருந்தவரின் கால் நாளத்துள் இரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கக்கூடும் என்பதும், பிசைந்தால் அக்கட்டி கழன்று நுரையீரலுக்குச் சென்று அடைத்து உயிரைக் கொள்ளக்கூடும் என்பதும் அவளுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கும். எப்போது தொடக்கூடாது என்று அறிவதே இத்தொழிலின் முதற்பாடம். தடவலும் உருவலும் அதன் பிறகு வருபவை.

அந்த முதற்பாடம் நீளமானது. மேசையில் படுக்க வைப்பதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. இரத்த அழுத்தம் உண்டா, இரத்தத்தை ஐதாக்கும் மருந்து எடுக்கிறீர்களா, அண்மையில் சத்திரசிகிச்சை நடந்ததா, கர்ப்பமா, காய்ச்சலா, தோலில் தொற்று உண்டா என்பவையெல்லாம் மரியாதைக்காகக் கேட்கப்படுபவை அல்ல. ஒவ்வொரு பதிலும் செய்யவிருப்பதை மாற்றும். நீரிழிவு முற்றி நரம்புகள் உணர்விழந்த பாதத்தில் காய்ச்சிய கல்லை வைத்தால், அது சுடுகிறது என்பதை அந்த மனிதரால் உணரவே முடியாது. கொப்புளம் எழுந்த பிறகுதான் இருவருக்கும் தெரியவரும். நீரிழிவு மலிந்த நம் நாட்டில் சுடுகல் ஒத்தடத்தை விளம்பரப்படுத்தும் எத்தனை நிலையங்கள் இதனைக் கேட்டுவிட்டுத் தொடங்குகின்றன? வாசனைத் தைலங்களை வேறெண்ணெய் கலவாமல் தோலில் இடக்கூடாது. பேர்கமொட் போன்ற சில தைலங்களைப் பூசிக்கொண்டு வெயிலுக்குப் போனால் தோல் வெந்துபோகும். கடற்கரை விடுதியொன்றில் இதை அறியாதிருப்பது சிறு குறையன்று.

சிரோதாரையை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் படங்களில் மிக அழகாக இருப்பது அதுதான். நெற்றிக்கு மேலே நான்கு விரற்கடை உயரத்திலிருந்து எண்ணெய் அறாத ஒழுக்காக விழ வேண்டும். சூடு உடம்புச் சூட்டை ஒட்டி நிற்க வேண்டும். கண்ணுக்குள் இறங்காமல் காக்க வேண்டும். அரைமணி நேரத்துக்கு மேல் கவனம் சிதறக்கூடாது. பார்ப்பவருக்கு அது கிண்ணத்தைச் சாய்க்கும் வேலை. செய்பவருக்கோ ஒரு சமையற்காரனின் கையும் ஒரு தாதியின் கண்ணும் தேவைப்படும் வேலை.

இனி, செய்பவளின் சொந்த உடம்பு. அதைப்பற்றி எவரும் பேசுவதில்லை. நாளொன்றுக்கு ஆறேழு பேருக்குப் பெருவிரலால் அழுத்தி அழுத்தி, சில ஆண்டுகளில் விரலடி மூட்டும் மணிக்கட்டும் நாரியும் போய்விட்ட பெண்களை நான் கண்டிருக்கிறேன். முறையாகப் பயிற்றுவிப்பவர் முதல் வாரத்திலேயே சொல்லித் தருவது இதைத்தான்: கையைத் தொங்கவிட்டால் விரல்முட்டுகள் எட்டும் மட்டத்தில் மேசையின் உயரம் இருக்க வேண்டும், விரலின் வலிமையால் அல்ல, முழங்கையையும் முன்கையையும் கொண்டு உடம்பின் பாரத்தைச் சாய்த்து அழுத்த வேண்டும். “ஏழு நாளில் ஸ்பா தெரபிஸ்ட், வெளிநாட்டு வேலை நிச்சயம்” என்று மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும் துண்டுப் பிரசுரங்களில் மேசையின் உயரத்துக்கு இடம் இருப்பதில்லை.

துணியால் போர்த்தும் முறையும் ஒரு பாடமே. அந்தக் கணத்தில் தொடப்படும் உறுப்பைத் தவிர மற்றெல்லாம் மூடியிருக்க வேண்டும். எங்கே தொடப் போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லி இணக்கம் பெற வேண்டும். வாடிக்கையாளர் வரம்பு மீறினால் எந்தச் சொல்லால் நிறுத்துவது, எப்போது அறையை விட்டு வெளியேறுவது, வெளியேறினால் முகாமையாளர் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் பாடத்திட்டத்துக்குள் வருபவை. ஒழுக்கத்தைக் காக்க விரும்புவோர் கவனிக்க வேண்டும்: ஒரு பெண்ணுக்கு “முடியாது” என்று சொல்லும் சொல்லையும் அதைச் சொல்லும் அதிகாரத்தையும் தருவது தொழிற்கல்வி. முற்றுகை அவளுக்கு அத்தகைய எதையும் தருவதில்லை.

நம்மிடம் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் வைத்தியர்களையும் மருந்தாளர்களையும் தாதியரையும் பதிவுசெய்ய வழிசெய்தது. 2005ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டத்தின்கீழ் இயங்கும் அதிகார சபை நிலையங்களைப் பதிவுசெய்கிறது. ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற்றகைமை முறைமையும் இருக்கிறது. ஆனால் பதிவின் பார்வை பெரும்பாலும் கட்டடத்தின்மீதும், மேலே கையொப்பமிடும் வைத்தியர்மீதுமே விழுகிறது. எண்ணெய் தோய்ந்த கைகள்மீது விழுவதில்லை. அந்தக் கைகளைத் தேடி வரும் சட்டமோ 1889இல் வெள்ளையர் இயற்றிய விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம். ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அக்கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் இத்தொழிலின் நடைமுறைப் பரீட்சகர்.

தலைநகரின் புறநகர் நீதிமன்றமொன்றின் வாயிலில், பல ஆண்டுகளுக்கு முன், ஐந்து பெண்கள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். புகைப்படக்காரர்கள் சால்வை விலகும் கணத்துக்காகக் காத்திருந்தனர். அவர்களுள் ஒருத்தி தமிழ்ப் பெண், வன்னிப் பக்கம். “அண்ணை, நான் ஆறு மாதம் படிச்சனான். சேட்டிபிக்கற் கடையிலதான் கிடக்குது. ஒருத்தரும் பாக்கேல்லை” என்றாள். மற்ற நால்வர் என்ன செய்தார்கள், செய்யவில்லை என்பதை நான் அறியேன். ஆனால் படித்தவளையும் படியாதவளையும், தொழில் செய்தவளையும் வேறு வழியில் தள்ளப்பட்டவளையும் ஒரே வாகனத்தில் ஏற்றி ஒரே தலைப்பின்கீழ் போட்டுவிடலாம் என்பதை அன்று நேரிற் கண்டேன்.

போர்வைக்குள் உண்மையிலேயே வேறு வியாபாரம் நடப்பதில்லையா என்று கேட்பீர்கள். நடக்கிறது. தாய்லாந்தில் இதைவிடப் பெருமளவில் நடந்தது, நடக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள்? பாங்கொக்கின் வாட் போ விகாரையில் 1955இலேயே மரபு மருத்துவத்துக்கான பாடசாலை தொடங்கப்பட்டது. குளிப்பாட்டலும் பிடித்துவிடலும் நடக்கும் கேளிக்கை விடுதிகளுக்கு 1966இல் ஒரு சட்டம். சுகாதார நோக்குடைய ஸ்பாக்களுக்கும் மசாஜ் நிலையங்களுக்கும் 2016இல் வேறொரு சட்டம். இரண்டாவது சட்டத்தின்கீழ் இடம் மட்டுமன்றி, முகாமையாளரும் கையால் வேலைசெய்பவரும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியோடு பதிவுபெற வேண்டும். 2019இல் தாய் மசாஜ் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. தாய்லாந்து புனித பூமியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே பயின்ற ஒரு பெண், தான் எந்தப் பக்கத்தவள் என்பதை ஒரு அட்டையைக் காட்டி நிறுவ முடியும். வன்னிப் பெண்ணின் சேட்டிபிக்கற்றை இங்கே எந்தச் சட்டமும் பார்க்கச் சொல்லவில்லை.

யப்பானில் இத்தொழிலுக்கு 1947ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. மூன்றாண்டுப் படிப்பும் அதன்பின் தேசியப் பரீட்சையும். ரொறன்ரோவில் வாழும் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேலைத்தலக் காப்புறுதியில் மசாஜுக்குப் பணம் பெற்றவர்கள், பற்றுச்சீட்டில் சிகிச்சையாளரின் பதிவிலக்கம் இருந்தாக வேண்டும் என்பதை அறிவார்கள். ஒன்ராறியோவில் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்பட்டத்தைப் பதிவுபெறாதவர் பயன்படுத்தவே முடியாது. அங்கே நாரிப்பிடிப்புக்குப் பதிவிலக்கம் பார்த்துப் படுக்கும் நம்மவர், விடுமுறைக்கு ஊர் வந்து நீர்கொழும்பிலோ பாசிக்குடாவிலோ மேசையில் ஏறும்போது அதனை மறந்துவிடுகிறார்கள். மலிவாக முடிந்ததென்று மகிழ்ச்சி வேறு.

நம் பாட்டிமார் சான்றிதழா வைத்திருந்தார்கள் என்பது இன்னொரு வாதம். பிள்ளைப்பேற்றின் பின் தாய்க்கும் சேய்க்கும் எண்ணெய் வைத்த மருத்துவிச்சி முப்பது வருடம் அதையே செய்தவள். அந்த வீட்டுக்காரியின் தாயையும் அறிந்தவள். அறியாத உடம்பை அவள் தொட்டதில்லை. ஸ்பாவில் வேலை செய்பவளோ ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு புதிய உடம்பைச் சந்திக்கிறாள். தவிரவும், அந்த மருத்துவிச்சியையும் முறிவு தெறிவு பார்த்த பரியாரியாரையும் நாம் எந்த வாசலில் நிறுத்தி வைத்துக் கூலி கொடுத்தோம் என்பதை யாழ்ப்பாணத்தார் மறந்திருக்க மாட்டார்கள். உடம்பைத் தொடும் தொழில் இழிதொழில் என்ற எண்ணம் முற்றுகைச் செய்திகளோடு பிறந்ததன்று. சாதி அதை முன்னரே நமக்குக் கற்பித்துவிட்டது. பொலிஸார் பிற்பாடு வந்தவர்கள்.

இத்தனைக்கும் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற ஒரு முழுப்பிரிவே இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. ஒவ்வொன்றும் எந்த உறுப்புக்கு, எந்த நோய்க்கு என்று வகுக்கப்பட்டிருக்கிறது. ‘சுவீடிஷ்’ என்றும் ‘பாலினீஸ்’ என்றும் விலைப்பட்டியல் அச்சிடும் நம்மூர் விடுதிகளில் தொக்கணம் என்ற சொல்லை நான் இதுவரை கண்டதில்லை. பெல்ஜியத்தில் ஸ்பா என்றொரு சிற்றூர் தன் ஊற்றுநீரால் உலகெங்கும் ஒரு சொல்லையே விற்றுவிட்டது. நம்மிடம் ஒன்பது சொற்கள் பெட்டிக்குள் கிடக்கின்றன.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. அங்குள்ள விரிவுரையாளர்கள் வைத்தியர்களை உருவாக்குவதோடு நில்லாமல், பட்டப்படிப்புக்குத் தகுதிபெறாத, போரில் கணவனை இழந்த, உழைத்தாக வேண்டிய பெண்களுக்காகத் தொக்கணத்தில் ஓராண்டுச் சான்றிதழ் நெறி ஒன்றைத் தொடங்கி, அதனைத் தேசிய தொழிற்றகைமையின் நான்காம் மட்டத்துக்கு ஏற்றதாக்க வேண்டும். உடற்கூறும், தொடக்கூடாத நிலைகளும், எண்ணெய்ப் பக்குவமும், போர்த்தும் முறையும், ஆங்கிலத்தில் நான்கு கேள்வி கேட்கும் பயிற்சியும் அதில் இருக்கட்டும். சான்றிதழ் இல்லாத கையை வேலைக்கு வைத்தால் நிலையத்தின் உரிமம் போகும் என்று சுற்றுலா அதிகாரிகள் ஒரு வரி எழுதட்டும். சான்றிதழ் உள்ளவளைக் கைதுசெய்ய முன்னர் என்ன சாட்சியம் வேண்டும் என்று பொலிஸ் தலைமையகம் இன்னொரு வரி எழுதட்டும்.

பத்திரிகை ஆசிரியபீடங்களில் இருக்கும் இளைய சகாக்களுக்கும் ஒன்று. அடுத்த முற்றுகைச் செய்தி நிச்சயம் வரும். அது வரும்போது நிருபரிடம் பெண்களின் வயதைக் கேட்க வேண்டாம். கட்டடத்தின் உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள்.