பரந்தூர்: ஏரி மேல் ஓடுபாதையா?

பரந்தூரில் சென்னையின் அடுத்த விமான நிலையத்துக்கான நிலப் பத்திரப்பதிவைத் தொடங்கிவிட்டார்கள். நிலம் பறிபோகும் ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் இரவுப் போராட்டம், கிராம சபைத் தீர்மானம், 2024 தேர்தல் புறக்கணிப்பு என்று தங்களுக்குத் தெரிந்த எல்லா வழியிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு நேரான பதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல், ஏக்கருக்கு எத்தனை லட்சம் என்ற பேச்சுக்குத் தாவியிருக்கிறது அரசு. விலையைப் பற்றியதல்ல இந்தச் சண்டை. இடம் தவறு. அந்த முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலேயே தவறு, இன்றைக்கும் தவறு.

சென்னைக்கு இன்னொரு விமான நிலையம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. மீனம்பாக்கத்தில் இடமில்லை; பெங்களூரும் ஐதராபாத்தும் நம்மை முந்திப் போய்விட்டன. அதற்காக ஏரிகளின் மேல்தான் கட்ட வேண்டுமா?

பரந்தூர் இருக்கும் காஞ்சிபுரம் வட்டாரத்தில் வற்றாத ஆறு கிடையாது. பாலாற்றில் வெள்ளம் வந்தாலும் சில நாள்தான். அந்தச் சில நாள் தண்ணீரைத் தேக்கி ஆண்டெல்லாம் பிழைக்கத்தான் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள். மேலே உள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிரம்பி அதற்கடுத்த ஏரிக்கு. பாலாற்று நீரைக் கொண்டுவரும் கம்பன் கால்வாய் இப்படி வரிசையாக ஏரிகளை நிரப்பிக்கொண்டே ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து வழிவது செம்பரம்பாக்கத்துக்கு, அதாவது சென்னையின் குடிதண்ணீருக்கு. அந்தக் கால்வாய் இப்போது திட்ட நிலத்துக்குள் இருக்கிறது.

கால்வாயைத் திருப்பி விடலாம் என்கிறார்கள். சொல்பவர்கள் ஒரு ஏரிக்கரையில் ஒருநாள் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். மதகைத் தூக்கினால் மோட்டார் இல்லாமல், மின்சாரம் இல்லாமல் கடைமடை வரை தண்ணீர் பாய்கிறது. நிலத்தின் சரிவு பார்த்து வெட்டிய வாய்க்கால் அது. கலங்கலை ஒரு முழம் உயர்த்தினால் மேலே உள்ள வயல் முழுகும். தாழ்த்தினால் கீழே பயிர் காயும். ஏரியில் தண்ணீர் நின்றால்தான் கிணறு ஊறும், கிணறு ஊறினால்தான் சம்பாவுக்கும் நவரைக்கும் பிறகு சொர்ணவாரிக்கு நாற்று விட முடியும். திட்டத்துக்குள் வரும் நெல்வாயிலும் தண்டலத்திலும் நாகப்பட்டிலும் இப்படித்தான் வெள்ளாமை நடக்கிறது. நடவுக்குப் போகிற பெண்கள், ஏரி உள்வாயில் மாடு மேய்ப்பவர், மீன் குத்தகை எடுப்பவர் ஆகியோரின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. அவர்களுக்கு என்ன ஈடு?

இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. ஏரி யார் பொறுப்பு என்பதில் அன்றைக்கு ஐயமே இல்லை. 2023 ஏப்ரலில் சட்டப்பேரவை விவாதமே இல்லாமல் நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டமோ, நீர்நிலை உள்ள நிலமானாலும் 100 ஹெக்டேருக்குக் குறையாமல் இருந்தால் சிறப்புத் திட்டம் என்று அறிவித்து அரசு கையில் எடுக்க வழிசெய்கிறது. நிலத்தை 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ் எடுப்பதால், மத்திய அரசின் 2013 சட்டம் கேட்கும் சமூகத் தாக்க மதிப்பீடும் தேவையில்லை என்றாகிவிட்டது. ஊராரைக் கேட்க வேண்டிய கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, மக்கள் ஒத்துழைக்கிறார்கள் என்று பேசுவது நேர்மையல்ல.

நகரவாசிகள் இதை யாரோ ஒரு கிராமத்துப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். மீனம்பாக்கத்தின் இரண்டாம் ஓடுபாதையின் ஒரு பகுதி அடையாற்றின் மேல் பாலம் போட்டுக் கட்டியது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தைத் திறந்தபோது விமானங்கள் தண்ணீரில் நின்றன; நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் ஓடுபாதை முழுகியது. ஆற்றின் மேல் கட்டிப் பட்டது போதாதென்று, அந்த ஆற்றுக்குத் தண்ணீர் தரும் ஏரிகளின் மேலேயே அடுத்ததைக் கட்டப் போகிறார்கள். 5,000 ஏக்கருக்கு மேல் மண் கொட்டி மேடாக்கினால், அங்கே நிற்க வேண்டிய மழைநீர் எந்த வீட்டு வாசலுக்கு வரும்?

அரசுகளின் கையில் ஏரியும் திட்டமும் சிக்கினால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். நுங்கம்பாக்கம் ஏரி போன இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. முகப்பேரில் ஏரித் திட்டம் என்ற பெயரிலேயே வீடு கட்டி விற்றார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பை கொட்டினார்கள். ஆற்றோரக் குடிசைகளைப் பாதுகாப்புக்காக என்று காலி செய்து, மழைக்கு மழை தண்ணீர் நிற்கும் செம்மஞ்சேரியில் கொண்டுபோய் விட்டார்கள். கிளாம்பாக்கத்தில் ரயில் நிலையம் இல்லாமலே பேருந்து முனையத்தைத் திறந்து, மூட்டை முடிச்சோடு வந்த ஜனங்களை நடுராத்திரியில் அலையவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் வரைபடம் இருந்தது, வாக்குறுதியும் இருந்தது. தவறு என்று தெரிந்த பிறகு ஒருவர்கூடப் பொறுப்பேற்றதில்லை. அதே கைகளில் 13 கிராமங்களை ஒப்படைக்கச் சொல்கிறார்கள்.

ஏரியும் நன்செயும் அழியாத இடம் இந்த மாநிலத்தில் இல்லாமல் போய்விடவில்லை. மனமிருந்தால் தேடலாம். அந்தந்த ஊரில் உட்கார்ந்து, ஏரித் தண்ணீரைப் பங்கிடும் நீர்க்கட்டியையும் விவசாயியையும் முதலில் கேட்டு, பிறகு வரைபடம் போடட்டும். அதுவரை பரந்தூரில் ஒரு பத்திரம்கூடப் பதியக்கூடாது.