முன்பணம் கட்டும் முன்



2022-ஆம் ஆண்டு, பிளஸ் டூ முடிவுகள் வெளிவருமுன்பே, எங்கள் மஹல்லாவில் சந்தைக்குச் சந்தை பாத்திரம் விற்கும் சகோதரர் ஒருவர் மஃரிபுக்குப் பின் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பொறியியல் கல்லூரியின் வண்ணப் புத்தகமும் முன்பண ரசீதும். “மகளுக்கு இடம் பிடித்துவிட்டேன் ஹஜ்ரத், துஆச் செய்யுங்கள்” என்றார். அக்குடும்பத்தில் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் முதல் பிள்ளை அவள். மனமுருகி துஆச் செய்தேன். ரசீதை வாங்கிப் படிக்கவில்லை. மஹல்லாவில் பட்டம் பெற்றவர் சிலரே. அவர்களுள் ஒருவன் என்பதால்தான் அவர் என்னிடம் அதனைக் கொண்டுவந்தார் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

அவர் வாங்கியது நிர்வாக ஒதுக்கீட்டு இடம். “இன்று கட்டாவிட்டால் இடம் போய்விடும்” என்று தரகர் வீட்டுக்கே வந்து அவசரப்படுத்தியிருக்கிறார். மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. பின்னர் முடிவுகள் வந்தன, நல்ல மதிப்பெண். அதே கல்லூரியில் அதே பிரிவு, அரசுக் கலந்தாய்வின் வழியாகவே அவளுக்குக் கிடைத்திருக்கும்! வகுப்புத் தொடங்கிய பிறகு, பக்கத்தில் அமர்ந்த தோழி சொல்லித்தான் அவளுக்கே இது தெரிந்தது. அதற்குள் கலந்தாய்வு முடிந்துவிட்டது.

எதை இழந்தார்கள் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லையெனில், முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகையைத் தமிழக அரசு 2010 முதல் வழங்கி வருகிறது. சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இது ஆண்டுக்கு 25,000 ரூபாய். நான்காண்டுக்கு ஒரு லட்சம். ஆனால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் பெற்றவர்க்கே இது உண்டு. 2007-இல் நமக்குக் கிடைத்த 3.5 விழுக்காடு ஒதுக்கீடும் அந்தக் கலந்தாய்வில்தான் பயன்படும். நிர்வாக இடத்துக்கு முன்பணம் கட்டிச் சேர்ந்தால் இரண்டுமே கைநழுவும். வருவாய்த் துறை தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கலந்தாய்வுப் பதிவின்போதே அது கையில் இருப்பது நல்லது.

“பல்கலைக்கழகம்” என்று பலகை வைத்திருந்தால் பெரிய இடம் என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வுக்கு வெளியே உள்ளவை. அங்கே இச்சலுகை செல்லாது. “தன்னாட்சி” என்றால் அரசுக் கல்லூரி என்று பொருளன்று. கட்டடத்தையும் பேருந்தையும் பார்ப்பதை விட்டு, தன்னிடம் இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகம் பருவந்தோறும் வெளியிடுகிறதே, அதைப் பாருங்கள். அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை ஒருவரிடம் பேசுங்கள். பெண் பிள்ளையானால் விடுதியையும் தொழுகைக்கான இடத்தையும் உம்மாவே நேரில் சென்று பார்க்கட்டும்.

பொறியியல் மட்டுமே படிப்பு என்பதும் சரியன்று. வாணியம்பாடியில் 1919-இலும், திருச்சியிலும் சென்னையிலும் 1951-இலும் நம் முன்னோர் நிறுவியவை கலை, அறிவியல் கல்லூரிகளே. கலைப் பட்டதாரியான நான் இதைச் சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

முன்பணம் கட்டிவிட்டவர்களுக்கு ஒரு சொல். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. உரிய காலத்துக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது. பொறியியல் கல்லூரிகளை மேற்பார்க்கும் ஏ.ஐ.சி.டி.இ.யும் இவ்வாறே விதித்துள்ளது. வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். எழுத்து மூலம் கேளுங்கள். என் சகோதரர் “கொடுத்ததைக் கேட்பது எப்படி?” என்று தயங்கியே காலத்தைக் கடத்திவிட்டார்.

அவளுடைய தம்பி பிளஸ் டூ முடித்தபோது அவர் மறுபடியும் வந்தார். இம்முறை காகிதங்களை நானே கேட்டு வாங்கினேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மகள் பென்சிலால் குறிப்பு எழுதியிருந்தாள். நான் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. துஆ மட்டும் செய்து அனுப்பினேன்.