மூத்த ஊடகவியலாளரிடம் கேட்கத் தயக்கம் ஏன்?

மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள ஆரையம்பதியில் எழுதத் துடிக்கும் இளையோர் பலர், பெயர்பெற்ற ஊடகவியலாளரைப் பேட்டி காணச் சொன்னால் பின்வாங்குகிறார்கள். ‘அவரிடம் கேட்க எனக்கென்ன தகுதி?’ என்ற எண்ணம்தான்.

மட்டக்களப்பில் பிறந்த தர்மரத்தினம் சிவராம், ‘தராக்கி’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் போரையும் அரசியலையும் அலசியவர், தமிழ்நெட் செய்தித்தளத்தின் ஆசிரியராக இருந்தவர். மண்டூர்க் கோயிலை ஆராய எண்பதுகளில் வந்த அமெரிக்க மானுடவியலாளர் மார்க் விட்டேக்கர் அவரோடு பழகினார், பேசினார். அந்தப் பேச்சுகள் 2007இல் நூலாயின. அந்நியருக்கு வாய்த்தது, வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு வாய்க்காதா?

தயக்கத்தை வெறும் துணிச்சல் போக்காது, வாசிப்பே போக்கும். பேட்டி காணப்போகும் ஊடகவியலாளர் எழுதிய ஒரே ஒரு செய்தியை எடுத்து வரிவரியாகப் படிக்கட்டும். இதை முதலில் சொன்னது யார்? எப்படி உறுதிசெய்தீர்கள்? எதை எழுதாமல் விட்டீர்கள்? இப்படிக் கேட்டால் எந்த மூத்தவரும் நிமிர்ந்து உட்காருவார்.

தள்ளிப்போடவும் கூடாது. 2004 மே 31இல் ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அவர்களிடம் இனி எதையும் கேட்க முடியாது. அந்தக் காலத்தில் செய்தி சேகரித்த மற்றவர்களிடம் கேட்கலாம். பழைய பத்திரிகைகளைப் புரட்டிவிட்டு, இந்த வாரமே தொலைபேசியில் நேரம் கேட்கட்டும்.