கருவி வந்தது, கரம் வந்ததா?

தீவிர சிகிச்சைப் பிரிவு என்றதும் உங்கள் கண்முன் தோன்றுவது என்ன? மின்னும் திரை, ஓயாது ஒலிக்கும் கருவி. திறப்புவிழாவிலே நாடா வெட்டுவோர் காட்டுவதும் அவற்றைத்தான். ஆனால் அந்த மருத்துவம் பிறந்த வரலாறு வேறு.

1952-ஆம் ஆண்டு, டென்மார்க் நாட்டுக் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் தாக்கிற்று. மூச்சுத் தசை முடங்கியோர் நாள்தோறும் வந்து குவிந்தனர். இயந்திரங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. தொடக்கத்தில் அவற்றில் வைத்துச் சிகிச்சை அளிக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் மாண்டனர். பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கியே மூச்சூட்டலாம் என்றார். அமுக்குவது யார்? மருத்துவ மாணவர்கள்! ஏறத்தாழ 1,500 பேர், முறைவைத்து, இரவு பகல் பாராமல், மாதக்கணக்கில் அமுக்கினர். சாவு விகிதம் சரிந்தது.

நம் நாட்டிலே நடந்தது என்ன? 2020-இல், பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 2,000 கோடி ரூபாயில் 50,000 செயற்கைச் சுவாசக் கருவிகள் என முழங்கினர். 2021 ஏப்ரலில், தலைநகர் டில்லியின் மருத்துவமனைகள் பிராணவாயு கேட்டு உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டின! மே மாதம், அனுப்பிய கருவிகள் சில மாநிலங்களில் பயன்படாமல் கிடப்பதாகச் செய்தி வர, தணிக்கைக்குப் பிரதமரே உத்தரவிட நேர்ந்தது. கருவி வாங்கியதைக் குறை கூறுவார் இல்லை. தண்டவாளம் போடாமல் இரயில் வாங்கியதைத்தான் கேட்கிறோம்.

கருவியால் மூச்சுவிடும் நோயாளிக்கு, வேளைக்கு ஒரு செவிலியர் அருகிருக்க வேண்டும். பத்துப் படுக்கை, மூன்று வேளை: முப்பது செவிலியர்; விடுப்பும் நோயும் இக்கணக்கில் சேரவில்லை. இந்தக் கணக்கை எந்தத் திறப்புவிழா மேடையிலாவது சொல்லக் கேட்டதுண்டா?

பணமில்லை என்பார்கள். வங்கதேசத்தை நோக்குங்கள். டாக்காவில் முகமது ஜொபாயர் சிஸ்டி என்ற மருத்துவர், காலி ஷாம்பு புட்டியில் நீர் நிரப்பி, சளிக்காய்ச்சல் முற்றிய குழந்தையின் சுவாசக் குழாய் முனையை அதில் அமிழ்த்தினார். குமிழிகளின் அழுத்தம் நுரையீரலைச் சுருங்கவிடாமல் காத்தது. குறைந்த வேகத்தில் பிராணவாயு மட்டும் பெற்ற குழந்தைகளில் நூற்றுக்குப் பதினைவர் இறக்க, இம்முறையில் நால்வரே இறந்தனர் என்று 2015-இல் ஆய்வு முடிவு வெளியாயிற்று. விலை சில காசுகள்! ஆனால், குமிழி நின்றுவிட்டதா என்று பார்க்க அங்கும் ஒரு கண் விழித்திருக்க வேண்டும்.

உங்கள் மாவட்டத்தில் புதுப் பிரிவு திறக்கப்படும் நாளில் கருவிகளை எண்ணாதீர்கள். நள்ளிரவு வேளைக்கு எத்தனை செவிலியர் என்று கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்.