துருவேறிய டிஸ்க்கும் பொறுமையின் வேலையும்



கடந்த வாரம் போடிநாயக்கனூரில் ஒரு பட்டறையில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் குடியிருக்கும் குடும்பங்களைச் சந்திக்க நான் ஓட்டிச் செல்லும் பழைய காரின் முன்சக்கர பிரேக் டிஸ்க் தேய்ந்துபோயிருந்தது. மறுநாள் காலையில் மலையேற வேண்டும். "தம்பி, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாமா?" என்று கேட்டேன். "கழற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும், ஐயா" என்றார் மெக்கானிக்.

அவர் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். ஜாக்கியை மட்டும் நம்பாமல் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தை எடுத்தார். காலிப்பரை அவிழ்த்து, அதன் குழாய் இழுபடாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். டிஸ்க்கைப் பிடித்திருந்த சிறு திருகும் வந்துவிட்டது. இனி டிஸ்க் கையோடு வர வேண்டும், வரவில்லை. பல ஆண்டு மலைமழையும் ஈரமும் உள்ளே புகுந்து, ஹப்பும் டிஸ்க்கும் துருவால் ஒன்றாய் இறுகிப்போயிருந்தன.

"பெரிய சுத்தியலால் ஓங்கி அடித்தால் வந்துவிடாதா?" என்றேன். அவர் சிரித்தார். "வரும், ஐயா. ஆனால் அந்த அடி உள்ளே இருக்கிற பேரிங்குக்கும் போய்ச் சேரும். இன்றைக்குத் தெரியாது, பிறகுதான் சத்தம் போடும்."

துரு இளக்கும் எண்ணெயை ஹப்பைச் சுற்றி விட்டுவிட்டு, அது ஊறட்டும் என்று தேநீர் குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து, ஒரே இடத்தில் அடிக்காமல், சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டினார். பின்பு டிஸ்க்கிலேயே மரையுடன் இருந்த இரண்டு துளைகளில் இரண்டு போல்ட்டுகளை முடுக்கினார். இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று. ஒரு பக்கம் மட்டும் முடுக்கினால் டிஸ்க் சாய்ந்து இன்னும் இறுகும் என்றார். சற்று நேரத்தில் 'டப்' என்ற ஓசையுடன் அது விடுபட்டது.

வேலை முடிந்தது என்று எழுந்தேன். அவருக்கோ அப்போதுதான் முக்கியமான வேலை தொடங்கியது. கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் ஹப்பின் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பழைய துருவின்மேல் புதிய டிஸ்க்கை வைத்தால் அது நேராக உட்காராது, சுழலும்போது தள்ளாடும், பிரேக்கை மிதிக்கையில் பெடல் துடிக்கும். கடைசியாக, வண்டியை நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மிதித்து அழுத்தம் வந்ததை உறுதி செய்தார்.

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டைஊசி வளைவுகள் உண்டு. விடியற்காலையில் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டக் கூலியாட்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறுவதையும், மாலையில் இறங்குவதையும் நாம் அறிவோம். அவர்கள் உயிர் அந்தப் பிரேக்கில் இருக்கிறது. புதிய வீட்டின் மாடியிலிருந்து எவரும் விழாதபடி கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்று உபாகமம் 22ஆம் அதிகாரம் வீட்டுக்காரனுக்குக் கட்டளையிடுகிறது. வண்டிக்காரனுக்கு பிரேக்கே அந்தச் சுவர். ஆகவே, வண்டி வைத்திருக்கும் சகோதரர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லுகிறேன்: பிரேக் வேலையில் நேரத்தைப் பேரம் பேசாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத துருவைத் தேய்த்த அந்த நேரத்திற்கும் கூலி கொடுங்கள். அவசரப்படுத்தியவர்களில் நானும் ஒருவன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பட்டறையில் வேறொன்றும் என் நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குமுன், கிணற்றுப் பங்கினால் பேச்சற்றுப்போன இரண்டு சகோதரர்களைத் திருவிருந்துக்கு முந்திய மாலையில் எதிரெதிரே உட்கார வைத்து, அன்றிரவே ஒப்புரவாக வேண்டும் என்று வற்புறுத்தினேன். கைகுலுக்கினார்கள். நானும் மகிழ்ந்தேன். ஆனால் துரு அப்படியே இருந்தது. அடுத்த அறுவடைக்குள் முன்பைவிட அதிகமாக விலகிப்போனார்கள். நான் அடித்தது சுத்தியல் அடி.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டிய வழியோ படிப்படியானது: முதலில் தனிமையில், பின்பு ஓரிருவருடன், அதன்பின்பே சபைக்கு முன்பாக. பட்டறையிலிருந்து திரும்பிய அன்று மாலையே மூத்தவரின் வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். சமாதானம் பேசவில்லை, அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, என் அவசரத்திற்காக மன்னிப்புக் கேட்டேன். வரும் வாரம் இளையவரிடம் போவேன். கால் சுற்று, கால் சுற்றாகத்தான்.

உங்கள் வீட்டிலும் இறுகிப்போன உறவு ஒன்று இருக்கலாம். அதை ஓங்கி அடிக்காதீர்கள். அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். எண்ணெய் ஊறக் காலம் கொடுங்கள். துருவைத் துடைக்கக் கூச்சப்படாதீர்கள். பொறுமையின் தேவன் உங்களோடிருப்பாராக. ஆமென்.