அட்வான்ஸ் யார் பணம்?

மாடியில் ஒரு வீடு கட்டி வாடகைக்கு விட்டால் மாதா மாதம் வருமானம் வரும். நல்ல யோசனைதான். ஆனால் குடிவருபவர் கொடுக்கும் அட்வான்சையும் வருமானம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

அது வருமானம் அல்ல, கடன்!

சென்னையில் 10 மாத வாடகையை அட்வான்சாக வாங்குவது நெடுநாள் வழக்கம். வாடகை 8,000 ரூபாய் என்றால் கையில் 80,000 ரூபாய். அதில் தளம் போடுகிறார்கள். பேத்திக்குக் காது குத்துகிறார்கள். குடித்தனக்காரர் காலி செய்யும்போது, "அடுத்த ஆள் வரட்டும், தருகிறேன்" என்கிறார்கள். அவரோ புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டியவர். பணத்துக்கு எங்கே போவார்?

"பெயின்ட் அடிக்க" என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. 5 வருஷம் மனிதர்கள் குடியிருந்தால் சுவர் அழுக்காகாதா?

தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிராவிட்டால், 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. வீடு கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்து மீதியைத் தந்துவிட வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். சண்டை வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது.

அட்வான்ஸ் வாங்கிய அன்றே அதைப் பாங்கியில் தனியாகப் போடுங்கள். வட்டி வரும், வெள்ளையடிக்க உதவும். வருஷத்துக்கு 11 மாத வாடகையையே கணக்கில் வையுங்கள். வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடக்கலாம். மோட்டாரும் ரிப்பேர் ஆகலாம்.

மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை, சாவி எத்தனை என்று குடிவரும் நாளிலேயே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.